விபத்துக்குப் பிறகு சங்கம் செய்ய வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனாலோ, சாரம் சரிந்து ஒருவர் விழுந்தாலோ தொழிற்சங்கம் வாசலில் கூடுகிறது, நிர்வாகத்திடம் பேசி ஒரு தொகை வாங்கித் தருகிறது. ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரிக்கும் நேரத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் சட்டப்படி வரவேண்டிய இழப்பீட்டில் அது எத்தனை பங்கு என்று அந்த மேசையில் பெரும்பாலும் யாரும் கணக்குப் போடுவதில்லை. சங்க வழக்குகளில் பணியாற்றுபவர்கள் என்ற முறையில் இதைப் பற்றிச் சில விவரங்களை எழுத விரும்புகிறோம்.

ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி போடும் கணக்கு கடினமானதல்ல. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், மரணத்துக்கு 50 சதவீதம். அதை, வயதுவாரியாகச் சட்டம் தரும் காரணி என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98; 40 வயதுக்கு 184.17. கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2020-இல் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பு ரூ.15,000. அந்தச் சம்பளம் வாங்கும் 30 வயதுக்காரருக்கு முழு ஊனம் என்றால் ரூ.18,71,820 வருகிறது. கட்டைவிரல் முழுதாகப் போனால் சட்டத்தின் காய அட்டவணைப்படி அதில் 30 சதவீதம், அதாவது ரூ.5,61,546. அதே ஆளுக்கு ஏட்டில் ரூ.8,000 மட்டும் எழுதி, மீதியைக் கையில் கொடுத்துவந்திருந்தால் அதே விரலுக்கு ரூ.2,99,491-தான். பாதிக்குப் பாதி போய்விடுகிறது. ஆகவே சம்பளத்தை நிரூபிப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை: வங்கிக் கணக்குப் புத்தகம், வருகைப் பதிவு, ஷிப்ட் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள், அதே வேலை செய்யும் இருவரின் சாட்சியம். விபத்து நடந்த வாரத்திலேயே திரட்டாவிட்டால் இவை பிறகு கிடைக்காது.

அதற்கும் முன்பே கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது பெரும்பாலும் மேற்பார்வையாளர். பணியில் இருக்கும் மருத்துவர் “எப்படி அடிபட்டது?” என்று கேட்கும்போது, “வீட்டில் வழுக்கி விழுந்தார்”, “பைக்கில் போகும்போது” என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார். விபத்துப் பதிவேட்டில் அந்த ஒரு வரி ஏறிவிட்டால், ஓராண்டு கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். அதனால் விபத்து என்று கேள்விப்பட்டதும் சங்கத்தின் ஆள் ஒருவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த இயந்திரம், எத்தனை மணி, எந்த வேலை என்பது பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து நகல் கேட்க வேண்டும். இன்னொருவர் இயந்திரத்தைப் படம் எடுக்க வேண்டும். கழற்றி வைத்திருந்த பாதுகாப்பு மூடி மறுநாள் காலையில் பெரும்பாலும் திரும்ப மாட்டப்பட்டிருக்கும்.

அடுத்து, அடிபட்டவர் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வரம்புக்குள் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். வந்தால், முதலாளியிடம் தனியாக இழப்பீடு கோர முடியாது. தற்காலிக ஊனத்துக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. தரும், நிரந்தர ஊனத்தின் அளவை மருத்துவக் குழு முடிவு செய்யும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்குக் குறைந்தபட்சச் சந்தா நாள் எதுவும் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. இது தெரியாமல் “இன்னும் கார்டு வரவில்லை” என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முன்பு 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் வழியாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால், இழப்பீட்டுக்கு உரியது என்று புதிய தொகுப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. கோருவதற்குக் காலம் இரண்டு ஆண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இந்த வழக்குகளில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. தொழிலாளி எழுத்துமூலம் அதிகாரம் அளித்தால், பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியே அவருக்காக, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியான ஆணையர் முன் ஆஜராகலாம். பழைய சட்டத்தின் 24-ஆம் பிரிவு தந்த இந்த உரிமை புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. இவ்வளவு பயனுள்ள உரிமையை நம் சங்கங்கள் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது வருத்தம் தருகிறது. தேவைப்படுவது தொழிலாளியின் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், சங்கப் பதிவுச் சான்றின் நகல், வாய்தா தவறாமல் போகக்கூடிய ஒரு பொறுப்பாளர். வெளிமாநிலத் தொழிலாளி ஊர் திரும்பியிருந்தால், விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பதும் இல்லை. அவர் வழக்கமாக வசிக்கும் ஊரிலேயே போடலாம். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவர் என்றால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு போனபின் பணம் வசூலாகும் இடம் அதுதான்.

மருத்துவச் சான்றில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. உடல் ஊனத்தின் அளவு வேறு, சம்பாதிக்கும் திறன் குறைந்த அளவு வேறு. இழப்பீடு இரண்டாவதை வைத்துத்தான். இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவருக்கு, ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் முழு இழப்பு என்றே கொள்ள வேண்டும் என்பதை பிரதாப் நாராயண் சிங் தியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது, அந்தத் தொழிலாளி நாள் முழுக்கக் கையால் என்ன செய்தார், எவ்வளவு எடை தூக்கினார் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துப்போங்கள். இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்கவேண்டிய கடனாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பழைய சட்டப்படி 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

மரண வழக்குகளில் இன்னும் கவனம் தேவை. இறந்தவர் மனைவியிடம் இரண்டு லட்சம் கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. அந்தத் தாள் உரிமையைப் பறிக்காது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளத்துக்கு மிகாத முன்பணம் தவிர, நேரில் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கி நிற்கும் குடும்பங்களைச் சங்கங்கள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டு முடியாதவர்கள் இன்றும் மனுப் போடலாம்.

தொழிலாளர் துறையிடமும் ஒரு வேண்டுகோள்: வயதுக் காரணி அட்டவணையையும் காயங்களின் சதவீத அட்டவணையையும் தமிழில் அச்சிட்டு, தொழிற்சாலை அறிவிப்புப் பலகைகளிலும் அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளிலும் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தொழிற்சங்க இழப்பீட்டு வழக்குப் பணியில் உள்ளவர்கள்