வாட்டுவது ஓரவஞ்சனை

ஆசிரியருக்கு,

ஆட்சித் தலைமை மீது மக்களுக்கு ஏற்பட்டுள்ள அதிருப்தி குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். வளர்ச்சி வந்தால் கோபம் தானாகத் தணியும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இல்லாமையைவிட மக்களை அதிகம் வாட்டுவது ஓரவஞ்சனை. 1966இல் விடுதலை பெற்றபோது ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. தார்ச்சாலையே சுமார் 12 கிலோமீட்டர்தான். மறு ஆண்டு அங்குள்ள ஒராப்பாவில் வைரம் கண்டறியப்பட்டது. அந்த இடம் முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலப்பகுதி. ஆனாலும் 1967இன் சட்டம் கனிம உரிமையை அரசின் வசம், அதாவது எல்லா மக்களுக்கும் பொதுவாக, வைத்தது. அந்த வருமானம் சாலையாகவும் பள்ளியாகவும் மாறியது. ஏற்றத்தாழ்வு அங்கே இன்னும் கடுமையாக இருப்பதும் உண்மைதான். ஆனால் தன்னவர் என்று பாராமல் விதி போட்ட தலைமையை மக்கள் நம்பினார்கள்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஏழு மாதம் ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். தாமதம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. எங்களுக்குப் பிறகு மனு கொடுத்தவர் சிபாரிசோடு வந்து, உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனதை அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்தாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மனு வந்த தேதி, வரிசை எண், இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு அலுவலகமும் வாசலில் ஒட்டட்டும். வரிசை மாறினால், அப்புறம் அதன் காரணத்தையும் எழுதி அதிகாரி கையெழுத்திட வேண்டும்.