ஏணிப் படத்தை எடுத்துவிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம் வட்டாரப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில், குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் பழைய படமே இவ்வாண்டும் வைக்கப்பட்டிருந்தது. நாமும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகளே தவிர, ஒன்று மற்றொன்றாக மாறவில்லை. மூளை பெருத்த பிறகே நிமிர்ந்து நடந்தோம் என்பதும் தவறு. தான்சானியாவின் லேட்டோலியில், ஈரமான எரிமலைச் சாம்பலில் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பதிந்த காலடிகளில், நாற்றங்கால் சேற்றில் நடந்தவரின் தடம்போலக் குதிகால் அழுந்தியிருக்கிறது. பெருவிரல் மற்ற விரல்களை ஒட்டியே நிற்கிறது. இவை நிமிர்ந்து நடந்ததன் அடையாளங்கள். அவற்றைப் பதித்ததாகக் கருதப்படும் ஆஸ்திரலோபித்தேக்கஸ் என்னும் ஆதி மூதாதை இனத்தின் மூளையோ சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரியது.

நெற்களஞ்சியத்தில் பிறந்த நமக்கு உழவே தொடக்கம் எனத் தோன்றுவது இயல்பு (அந்தப் பெருமையை நான் குறை சொல்லவில்லை). ஆனால், நம் இனத்தின் சுமார் 3 லட்சம் ஆண்டு வாழ்வில் வேளாண்மைக்கு வயது ஏறத்தாழ 12,000 ஆண்டுகளே, அதற்கு முன்பெல்லாம் வேட்டையும், கிழங்கும் கனியும் தேடிச் சேர்த்ததும்தான். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் கல் கைக்கோடரிகள் நம் இனத்துக்கும் வெகுமுந்தியவை. சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை. 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அடுத்த கண்காட்சிக்கு முன் டெல்டா மாவட்டப் பள்ளிகள் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்