மூட்டை தூக்குவோரின் உடம்பைப் பேண அங்காடிக்குள் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்பேடு மொத்தக் காய்கறி அங்காடியில் வெங்காய மண்டி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு எழுதி வருகிறேன். என் தந்தையார் கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கத் தொடங்கி, 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியபோது உடன் வந்து, முதுகை நிமிர்த்த முடியாத நிலையில் வேலையை விட்டவர். சுமைதூக்கும் தொழிலாளர்களின் கூலியைப் பற்றி அவ்வப்போது பேசுகிறோம். அந்தக் கூலியை ஈட்டித் தரும் உடம்பை யார் பேணுவது என்று எவரும் கேட்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நள்ளிரவுக்குப் பின் வந்து நிற்கும் ஒரு லாரியில் 20 டன் வெங்காயம் இருந்தால், 50 கிலோ வீதம் 400 மூட்டைகள். லாரியின் மேல் நின்று ஏற்றிவிடுபவர்களை விட்டுவிட்டு, சுமந்து நடப்பவர்கள் ஐந்து பேர் என்று கொண்டால், தலைக்கு 80 நடை. அதாவது ஒரே லாரிக்கு ஒருவர் 4 டன் சுமக்கிறார். விடிவதற்குள் இரண்டாவது லாரியும் வந்துவிடும் நாட்கள் உண்டு. சும்மாடு வைத்த இடத்துக்குக் கீழே, பின்கழுத்துத் தோல் காய்த்து, மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் போலத் தடித்திருப்பதை இவர்களில் பலரிடம் பார்க்கலாம்.

என் தந்தையார் காலையில் வீடு திரும்பியதும் பாயில் குப்புறப் படுத்துக்கொள்வார். நானும் தங்கையும் சுவரைப் பிடித்தபடி அவர் முதுகில் ஏறி மெல்ல மிதிப்போம். பிறகு அம்மா நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுச் சூடாக்கி, தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை இரு கட்டைவிரல்களாலும் நீவிவிடுவார். "அங்கதான் பிடிச்சிருக்கு, அங்கதான்" என்ற குரல் தேய்ந்து அவர் உறங்கிப்போன பிறகே அம்மா கையை எடுப்பார். நொச்சித் தழையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பதும் உண்டு. அவர் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அந்தக் கைகளே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்று இங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலும் வட மாநிலங்களிலும் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். நீவிவிட ஆள் இல்லை. குளிக்க வெந்நீர் இல்லை. வேலை முடிந்ததும் காலிச் சாக்குகளின் மேலேயே படுத்துவிடுகிறார்கள். ஆகவே வலிக்கு இவர்கள் கண்ட வழி மருந்துக்கடையில் சில்லறையாகக் கிடைக்கும் வலி மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஊசி, இரவில் ஒரு குவார்ட்டர். வியர்த்துக் கொட்டிய உடம்புடன், தண்ணீரும் போதுமான அளவு குடிக்காமல், வெறும் வயிற்றில் நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். குடிப்பவர்களைக் குறை சொல்வது எளிது. "அசதிக்குத்தான் அண்ணே" என்று அவர்கள் சொல்வது முழுப் பொய் அன்று.

சித்த மருத்துவத்தில் புறமருத்துவ முறைகள் 32 என்று வகுத்திருக்கிறார்கள். ஒற்றடம் அவற்றில் ஒன்று, உடம்பைப் பிடித்து நீவிவிடும் தொக்கணம் மற்றொன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று தொக்கணத்தை மட்டுமே ஒன்பது விதமாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு நம்மிடம் தெளிவான முறை இருக்கிறது. கிரிக்கெட் அணி எங்கே சென்றாலும் வீரர்களின் தசையைப் பிடித்துவிட ஒருவர் உடன் செல்கிறார். அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

அதே வேளையில், எல்லா வலியும் நீவிவிட்டால் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மண்டியில் ஒருவருக்கு இடுப்பிலிருந்து கால் வரை சுரீர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. சுளுக்கு என்று நினைத்து, தெரிந்தவர் ஒருவரிடம் போய் உலக்கை உருட்டி எடுத்துக்கொண்டார். மறுவாரம் பாதம் மரத்துப்போய் நடக்க முடியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோதுதான், முதுகெலும்பின் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ அங்கே கையே வைக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த வேறுபாடு தெரிந்த, பயிற்சி பெற்ற கைதான் தேவை.

உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982இலேயே சட்டம் இயற்றி, அதன் வழியே நல வாரியமும் கண்ட மாநிலம் நம்முடையது. கல்வி, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, ஓய்வூதியம் என்று வாரியம் தரும் உதவிகளுக்காகப் பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்; அன்றாடம் தேயும் உடம்பைப் பேணுவதற்கென ஓர் இனம் அவற்றில் இருந்து நான் கண்டதில்லை. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய அரசுக்கு இந்தத் தேவை புரியாமல் போகாது. ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது. மூட்டையின் எடையைக் குறைப்பதே முதல் மருத்துவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதுவரை தூக்குபவர்கள் காத்திருக்க முடியாது.

அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை எங்களுக்கு அருகில் அரும்பாக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே புறநோயாளிகளைப் பார்க்கும் காலை நேரத்தில்தான் எங்கள் ஆட்கள் சரக்கை இறக்கி முடித்துக் கூலிக்குக் காத்திருப்பார்கள், அல்லது அயர்ந்து உறங்குவார்கள். ஆகவே அங்காடி நிர்வாகக் குழு வளாகத்துக்குள் ஓர் அறையும் வெந்நீர்க் குளியலிடமும் ஒதுக்கித் தர வேண்டும். இந்திய மருத்துவத் துறை அங்கே ஒரு சித்த மருத்துவரையும், தொக்கணம் தெரிந்த இரண்டு உதவியாளர்களையும் அமர்த்த வேண்டும். எண்ணெய்ச் செலவை நல வாரியம் ஏற்க வேண்டும். காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அந்த அறை திறந்திருந்தால் போதும். இரவு வேலை முடித்தவர் கூலியை வாங்கிக்கொண்டு, அடுத்த லாரி வருவதற்குள் அங்கே போய்ப் படுத்து எழுந்து வர முடியும்.

இங்ஙனம்,
மண்டிக் கணக்கர் ஒருவர்,
விருகம்பாக்கம், சென்னை.