உணவும் தங்குமிடமும் இலவசம், சென்செய்யின் இரவுமா?

ஜப்பான் செல்வோருக்கான தங்கிப் படிக்கும் பயிற்சி மையங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

"ஜப்பானிய மொழி ஆசிரியர் தேவை. என்3 அல்லது என்2. மையத்திலேயே தங்க வேண்டும். உணவும் தங்குமிடமும் இலவசம்." ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் மையங்கள் தமிழ்நாட்டில் பெருகப் பெருக, இந்த விளம்பரமும் பெருகிவிட்டது. (என்3, என்2 என்பவை ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் நிலைகள்; எண் குறையக் குறையக் கடினம்.) நானும் இதைப் பார்த்து வேலைக்கு வந்து, உங்களைப் போன்றவர்களின் மையங்களில் தங்கிப் பாடம் எடுத்தவள்தான். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எந்த மையத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது என்பதும் ஒரு காரணம்.

உங்கள் தொழிலுக்கு நல்ல காலம் வந்திருக்கிறது. ஜப்பான் 2019 ஏப்ரலில் 'தொகுதெய் கினோ' என்ற திறன் பெற்ற தொழிலாளர் விசாவைத் தொடங்கியது. 2024-இல் அதன் துறைகளை 12-இலிருந்து 16 ஆக்கி, ஐந்து ஆண்டுகளில் 8,20,000 பேர் வரை எடுக்கலாம் என்று வரம்பு வைத்தது. 2025 ஆகஸ்டில் இரு நாட்டு அரசுகளும் வெளியிட்ட திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பெற்றவர்கள் ஜப்பான் போவதற்கு இலக்கு வைத்திருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் முதல் ஹிராகானா எழுத்தை ஏதோ ஒரு ஹாஸ்டலில், தூக்கம் கலையாத ஒரு சென்செய்யிடம்தான், அதாவது ஆசிரியரிடம்தான், கற்கப்போகிறார்கள். அந்த சென்செய்யின் தூக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

தங்கி வேலை பார்ப்பவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். காலையில் மாணவர்களை எழுப்பி ரேடியோ தைசோ என்ற உடற்பயிற்சியைச் செய்ய வைப்பது சென்செய். அறைகளைக் கூட்டினார்களா, செருப்பை வரிசையாக விட்டார்களா என்று பார்ப்பதும் அவர். ஒன்பது மணிக்கு வகுப்பு. மாலை ஐந்துக்கு வகுப்பு முடிந்தால் ஏழிலிருந்து ஒன்பதரை வரை படிப்பு நேரம், அதற்கும் அவர் உட்கார வேண்டும். அப்புறம் செல்போன்களை வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும். இரவு ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடிப்பது யார்? ஊரிலிருந்து அப்பா போன் செய்து, "விசா எப்பம்மா வரும்? கடன் வாங்கிக் கட்டியிருக்கோம்" என்று கேட்டால் பதில் சொல்வது யார்? வார்டன் என்று ஒருவர் இருப்பதாகச் சேர்க்கைப் படிவத்தில் இருக்கும். நான் இருந்த ஒரு மையத்தில் அந்த வார்டன் நானேதான் என்பது, முதல் மாதச் சம்பளம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதோடு முடியவில்லை. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் மேலாளர் ஒன்பது மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ வைத்தால் இங்கே விடியற்காலை ஐந்தரை. மாணவர்களுக்குச் சட்டை பட்டனைச் சரிபார்த்து உட்கார வைப்பது, இடையில் திணறினால் மொழிபெயர்ப்பது, முடிந்ததும் அந்தப் பக்கம் சொன்ன குறைகளைக் குறித்துக்கொள்வது, எல்லாம் சென்செய் தலையில். தேர்வான பிறகு, விசாவுக்கு முன் ஜப்பானிலிருந்து வாங்க வேண்டிய சி.ஓ.இ. என்ற தகுதிச் சான்றிதழுக்கான தாள்கள்: பள்ளிச் சான்றிதழ், வேலை அனுபவம், குடும்ப விவரம். ஒரு தேதி தவறினாலும், அப்பா பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் இருந்தாலும் கோப்பு திரும்பி வரும். வெளியே மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேலை இது. மையத்தில் தங்கியிருப்பவர் செய்தால் அதன் பெயர் 'கொஞ்சம் பார்த்துக் குடும்மா'.

நீங்கள் ஜப்பானை மிகவும் மதிக்கிறீர்கள். எல்லா மையத்திலும் அந்நாட்டுக் கொடி இருக்கிறது, குனிந்து வணங்கும் கோணத்தைக் காட்டும் படம் இருக்கிறது, 'ஐந்து நிமிடம் முன்னதாக வா' என்ற பலகை இருக்கிறது. அந்த மதிப்பை நம்பி, அதே ஜப்பானின் சில விதிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா கிடைக்க வழிசெய்யும் மொழிப்பள்ளிகளுக்கு அந்த நாட்டு அரசு வகுத்த அளவுகோலில், ஒரு வகுப்பில் ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு ஆசிரியர் வாரத்துக்கு 25 பாடவேளைக்கு மேல் எடுக்கக் கூடாது. பாடவேளை என்பது 45 நிமிடம். இங்கே ஒரு சென்செய் நாளைக்கு ஆறு மணி நேரம் வீதம் வாரத்துக்கு ஆறு நாள் எடுத்தால் என்ன ஆகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில்.

அடுத்தது ஜப்பானின் தொழிலாளர் தரநிலைச் சட்டம், 1947-ஆம் ஆண்டுடையது. அதன் 94-ஆம் பிரிவு, நிறுவனத்தோடு சேர்ந்த விடுதியில் தங்கும் தொழிலாளியின் தனி வாழ்க்கைச் சுதந்திரத்தில் முதலாளி கைவைக்கக் கூடாது என்கிறது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டுப் பயிற்சித் தொழிலாளர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பயிற்சிக்கு வந்தவரின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதையும், வெளியே போகாதே என்று காரணமில்லாமல் தடுப்பதையும் தடை செய்தது. உங்கள் மாணவர்கள் போய்ச் சேரும் இடத்தில் அவர்களுக்கு இந்த உரிமை உண்டு. அவர்களுக்குப் பாடம் சொல்லித்தந்தவருக்கோ, ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்வர 'கேட் பாஸ்' வேண்டும். சேரும்போது வாங்கிய அசல் சான்றிதழ்கள் உங்கள் பீரோவில் இருக்கும்.

இரவு நேரத்துக்கும் ஜப்பானில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கட்டடப் பராமரிப்பு ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது: இரவுப் பணியின் நடுவே தூங்கக் கொடுத்த நேரமாக இருந்தாலும், அலாரம் அடித்தால் எழுந்து போயாக வேண்டும் என்றால் அதுவும் வேலை நேரமே. 'ராத்திரி சும்மாதானே தூங்குறீங்க' என்று என்னிடம் கேட்ட நிர்வாகிக்கு அப்போது இதைச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

'அதெல்லாம் ஜப்பான் சட்டம், நம்ம ஊருக்கு எப்படிப் பொருந்தும்?' என்பீர்கள். சரி, நம்ம ஊருக்கே வருவோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் அதே 1947-தான். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், மேலே போனால் இரட்டைச் சம்பளம் என்பது அதன் கணக்கு. உங்கள் மையம் இந்தச் சட்டத்துக்குள் வருமா, பள்ளிக்கூடம் என்று தப்பிக்குமா என்று உங்கள் ஆடிட்டர் வாதாடட்டும். எட்டு மணி நேரம் வேலை பார்த்த மனிதருக்குக் களைப்பு வரும் என்பதில் வாதம் இல்லை.

களைப்பு என்னை மட்டும் பாதித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பழைய தேர்வு முறையில் இன்றைய என்4-க்குக் கிட்டத்தட்டச் சமமான நிலைக்குச் சொன்ன அளவு 300 மணி நேரப் படிப்பு, 1,500 சொற்கள், 300 கான்ஜி (சீன வழி வந்த எழுத்துகள்). நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று வைத்தாலும் பத்து வாரத்தில் 300 மணி நேரம் வந்துவிடும். உங்கள் பயிற்சி பெரும்பாலும் ஆறு மாதம். ஆக, நேரம் தாராளமாக இருக்கிறது. பிறகு ஏன் பிள்ளைகள் என்4 தேர்ச்சி பெற்றும் 'எங்கே வலிக்கிறது பாட்டி?' என்று ஒரு வாக்கியம் பேசத் திணறுகிறார்கள்?

ஏனென்றால் ஜே.எல்.பி.டி.-யில் பேச்சுத் தேர்வே கிடையாது, எழுத்தும் கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்துக் குறித்தால் போதும். பேச வைப்பது முழுக்க முழுக்க ஆசிரியரின் உழைப்பு. ஒவ்வொருவரையும் எழுப்பி, தவறு செய்ய விட்டு, திருத்தி, மறுபடி பேச வைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. வினை கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, 'செய்து பார்', 'செய்து வை' போல வினையோடு வினை சேர்வது எல்லாமே தமிழ் வழியில் நடப்பவை. (ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ சொன்ன தமிழ்–ஜப்பானிய உறவை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதைத் துண்டறிக்கையில் நிரூபித்த உண்மை போல அச்சிடாதீர்கள், பாவம் பிள்ளைகள் அங்கே போய்ச் சொல்லி முழிக்கிறார்கள்.) இந்த வசதியைப் பயன்படுத்தப் பாடத்தைத் தயாரிக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பி, ஐந்தரை மணி இன்டர்வியூவுக்கு எழுந்தவர் என்ன தயாரிப்பார்? பலகையில் எழுதிப்போட்டு, 'காப்பி பண்ணுங்க' என்பார். நானும் அப்படிச் செய்த காலை வேளைகள் உண்டு.

இந்த நிலையில் யார் வேலைக்கு வருவார்கள்? என்2 இருப்பவர் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அங்கும் கஷ்டம் உண்டு. இரைச்சலில் மீட்டிங் மீட்டிங்காக மொழிபெயர்த்துத் தொண்டை கட்டிப்போகும். ஆனால் மாலையில் கம்பெனி பஸ் வீட்டுக்குப் போகும். குடும்பம் உள்ளவர், குழந்தை உள்ளவர், வயதான பெற்றோர் உள்ளவர் யாரும் உங்களிடம் தங்க மாட்டார்கள். மிஞ்சுவது நேற்று என்3 எழுதிய இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, பல நேரம் உங்களிடமே படித்தவர். அவரும் ஒரு பேட்ச் முடிந்ததும் ஜப்பானுக்கே போய்விடுவார், போகத்தானே வேண்டும். ஆசிரியர் நிலைக்கவில்லை என்று நீங்கள் பாண்டு எழுதி வாங்குகிறீர்கள். அறைக்குக் கதவு தாழ்ப்பாள் சரியாக இருந்தாலே சிலர் நின்றிருப்பார்கள்.

ஜப்பான் 2024 ஏப்ரலில் 'பதிவு பெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்று தேசியத் தகுதி ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குத் தேர்வும் வைத்துவிட்டது. இதை ஒரு தொழில் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அப்படியே நினைத்து, அடுத்த பேட்ச் தொடங்கும் முன் சிலவற்றைச் செய்யுங்கள்.

நியமனக் கடிதத்தில் வகுப்பு நேரத்தை எழுதுங்கள். விடுதிப் பொறுப்பு, மொழிபெயர்ப்பு, இன்டர்வியூ ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் என்று எழுதுங்கள். இரவுப் பொறுப்புக்கு வார்டன் ஒருவரை வையுங்கள். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியத் தேவையில்லை, நல்ல மனசும் ஒரு ஆம்புலன்ஸ் எண்ணும் போதும். விடியற்காலை இன்டர்வியூ இருந்தால் அன்று மதியம் சென்செய்க்கு விடுப்பு. சான்றிதழ்களின் நகலை வைத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவர் எங்கே போகிறார் என்று கேட்காதீர்கள். தங்க விருப்பமில்லாதவருக்கும், வந்து போகும் ஆசிரியராக இடம் கொடுத்துப் பாருங்கள்.

பெண் ஆசிரியர்களை மாணவர்களுடன் ஒரே தளத்தில், பொதுக் குளியலறையோடு தங்க வைக்கும் மையங்கள் இருக்கின்றன, நான் இருந்திருக்கிறேன். பெண்கள் தங்கும் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் வேண்டும். பத்துப் பேர் வேலை பார்த்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள் குழுவும் வேண்டும். உரிமத்தின் நகலையும் குழு உறுப்பினர்களின் பெயர்களையும் வரவேற்பறையில் மாட்டி வையுங்கள். ஜப்பானிய விருந்தினர்களோடு எடுத்த படங்களில் ஒன்றைக் கழற்றினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மையங்களில் தங்கியிருந்த ஒரு சென்செய்