பிள்ளை வீடா, தனி வீடா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கூடவே வைத்துக்கொண்டால் மனச்சோர்வு அண்டாது என்று எழுதுவது நம் பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. நியூயார்க்கில் ரஷ்ய மொழி பேசும் முதியவர்களிடம் அந்தக் கணக்கு பல நேரம் பலிப்பதில்லை. அங்குள்ள மருத்துவமனைகளில் தமிழ் மருத்துவர்களும் செவிலியர்களும் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

புரூக்ளினில் ரஷ்ய மொழிக்காரர்கள் நிறைந்த கடலோரப் பகுதியான பிரைட்டன் பீச்சில் தனி வீட்டில் இருக்கும் பாட்டி கீழே இறங்கினால் ரொட்டிக் கடை முதல் மருந்துக் கடை வரை ரஷ்ய மொழிதான். கடலோரப் பலகை நடைபாதையில் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. அவரையே நியூஜெர்சி புறநகரில் மகன் வீட்டில் கொண்டுபோய் வைத்தால், கார் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. பேரனோ ஆங்கிலத்தில் பேசுகிறான். வாடகையில் தன் பங்கைத் தராமல் அங்கேயே சாப்பிட்டுத் தங்கினால் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையின் உச்சவரம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டப்படும். (ஞாபகமறதி முற்றியவர், அடிக்கடி விழுபவர் கதை வேறு.)

இவர்களிடம் "மனசு சரியில்லையா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். சோவியத் காலத்தில் அரசு மனநல மருத்துவ நிலையத்தின் பதிவேட்டில் பேர் ஏறினால் வேலைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் ஆபத்து. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நெஞ்சு அழுத்துகிறது, பிரஷர் ஏறுகிறது, தூக்கமில்லை என்றே சொல்வார்கள். இதயத்தைச் சோதித்துவிட்டு அதோடு அனுப்பிவிடாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வுப் படிவம் ரஷ்ய மொழியிலும் உண்டு. மதிப்பெண் 5-க்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு எந்தத் தாயும் மகள் வாயிலாக உண்மை சொல்லமாட்டாள்.

முக்கியமாக, "இதயத் துளிகள் குடிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கொர்வலோல், வலொகொர்டின் என்ற புதினா வாடை வீசும் சிறு புட்டிகள். சர்க்கரைக் கட்டியில் சொட்டுவிட்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். இதை மருந்தென்றே நினைப்பதில்லை, அதனால் பட்டியலில் சொல்வதும் இல்லை. உள்ளே இருப்பது ஃபீனோபார்பிட்டால் என்ற மயக்கம் தரும் தூக்க மருந்து. தள்ளாட்டம், குழப்பம் வரும். மறதி நோய் என்று தவறாகக் கணிக்கவும் இடமுண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதன் வேலையைக் குறைத்துவிடும். பல ஆண்டு பழக்கம் என்றால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் குடும்ப மருத்துவரே தொடங்கினால் மறுப்பு குறைவு. அந்த மாத்திரையால் ரத்த சோடியம் குறையலாம், சில வாரங்களில் அதைப் பாருங்கள்.

வீட்டு விஷயத்தில் ஒன்று. 62 வயது நிறைந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மானியத்தில் முதியோர் குடியிருப்புகள் உண்டு. வாடகை பொதுவாக வருமானத்தில் 30 சதவீதம். ஆனால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி விண்ணப்பம். இடையில் "இன்னும் வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கடிதம் வரும். விளம்பரத் தாள் என்று குப்பையில் போட்டால் பட்டியலிலிருந்து பேர் போய்விடும். கடிதம் மகன் அல்லது சமூகப் பணியாளர் முகவரிக்கும் வரும்படி முதல் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் நலப் பணியாளர்கள் இருவர்,
புரூக்ளின்