பச்சையானால் போதுமா?

ஆசிரியருக்கு,

காட்டுத்தீ பற்றிய உங்கள் செய்தியின் கடைசியில், மழை வந்ததும் காடு மீண்டும் பச்சையாகிவிடும் என்று நிருபர் ஆறுதல் சொல்லியிருந்தார். பச்சையாகும், சரி. அந்தப் பச்சை மரமாகுமா?

முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் பிப்ரவரி, மார்ச்சில் எரிவது பெரும்பாலும் தரையில் கிடக்கும் சருகும் காய்ந்த புல்லும்தான். முதிர்ந்த கருமருத மரத்தை அதன் தடித்த பட்டை காப்பாற்றிவிடும். விரல் பருமன் கன்றுக்கு அந்தப் பட்டை இல்லை. தண்டு கருகிப்போகும். வேர் மட்டும் பிழைத்து, சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மறுபடி துளிர்க்கும். நாற்றங்காலில் வாங்கும் தேக்குக் குச்சியைப் பார்த்திருப்பீர்கள். தலையை வெட்டி வேரோடு கொடுப்பார்கள், நட்டால் துளிர்க்கும். காட்டிலும் அதேதான், ஆனால் அந்த வெட்டு சில ஆண்டுக்கு ஒருமுறை விழுகிறது. கன்று தீ எட்டும் உயரத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது. இடுப்பளவுச் செடிதானே என்று நாம் கடந்துபோவதன் வேருக்குப் பல வயது ஆகியிருக்கலாம்.

இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-ல் முதுமலையில் 50 ஹெக்டேரை அளந்து, ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டுக் கண்காணித்து வருகிறார்கள். தொடங்கிய முதல் பத்தாண்டுக்குள்ளேயே அங்கே பலமுறை தீ புகுந்தது. தீ மட்டுமல்ல, கைடியா என்ற நார்ப்பட்டை மரத்தை யானைகள் முறித்துத் தின்றே வெகுவாகக் குறைத்துவிட்டன. இதற்கு மேல் மசினகுடிப் பக்கம் மாடுகளின் வாயும் குளம்பும். அப்புறம் உண்ணிச்செடி, அதாவது லான்டானா என்ற அந்நியப் புதர். அதுவும் எரிந்தபின் அடியிலிருந்து துளிர்க்கிற ஜாதிதான். கன்றைவிட வேகமாகப் படர்ந்து வெயிலை மறைத்துவிடும். காய்ந்தால் அடுத்த தீயை மேலே ஏற்றிவிடும்.

தீயே கூடாது என்று நான் சொல்லவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகப் பழங்குடியினர், கோடை முற்றுமுன் சருகுக்குச் சிறுதீ வைத்த காலத்தில் உண்ணிச்செடி இவ்வளவு இல்லை என்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. எவ்வளவு எரிந்தது என்பதோடு, எப்போது, எத்தனை ஆண்டு இடைவெளியில் எரிந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

எனவே அடுத்த கோடையில் எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்று எழுதும்போது, அதே இடம் இதற்குமுன் எந்த ஆண்டு எரிந்தது என்றும் உங்கள் நிருபர்கள் வனத்துறையிடம் கேட்டு எழுதட்டும். எரிந்த இடத்தில் குழி தோண்டி நாற்று நடும் படங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் நல்லது. வேர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி.