சொல்வகை கேட்கும் பயிற்சித்தாள்களில் வாக்கியம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் ஆங்கிலப் பயிற்சித்தாள்கள் பலவற்றில், சொற்களைத் தனித்தனியே நிரைப்படுத்தி, ஒவ்வொன்றும் பெயரா, வினையா, பெயரடையா, வினையடையா என்று கேட்கிறார்கள். அண்மையில் தரம் 7 மாணவி ஒருத்தி காட்டிய தாளில் 'ரவுண்ட்' என்ற சொல்லுக்கு 'வினை' என்று அவள் எழுதிய விடை வெட்டப்பட்டு, 'பெயரடை' என்று திருத்தப்பட்டிருந்தது. அவள் எழுதியதில் பிழையில்லை.

'எ ரவுண்ட் டேபிள்' என்னும்போது அது பெயரடை. போட்டியின் 'ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்னும்போது பெயர். 'டேர்ன் ரவுண்ட்' என்பதில் வினையடை. 'ரவுண்ட் த கோர்னர்' என்பதில் முன்னிடைச்சொல். பஸ் வளைவைச் சுற்றித் திரும்பியதைச் சொல்ல 'ரவுண்டட்' என்று எழுதினால் அதுவே வினை. வாக்கியம் இல்லாமல் இவற்றில் ஒன்றை மட்டும் சரியென்று கொள்ள எந்த இலக்கணமும் இடம் தராது.

நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதற்குத் தக்க காரணம் உண்டு. 'படியில் நின்றான்', 'பாடம் படித்தான்' என்னும்போது வேற்றுமை உருபும் காலம் காட்டும் இடைநிலையும் 'படி' எதுவென்று காட்டிவிடுகின்றன. ஆகவே தமிழ்ப் பிள்ளை சொல்லின் ஈற்றைப் பார்த்தே பழகியிருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் அத்தகைய விகுதிகள் நிறைய இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை நடுக்கால ஆங்கிலத்தில் தேய்ந்துபோனமையால், இன்று சொல் நிற்கும் இடமே பெரும்பாலும் அதன் வகையைத் தீர்மானிக்கிறது. வீட்டில் நாம் 'டிக்கெட் புக் பண்ணு', 'காரைப் பார்க் பண்ணு' என்று பேசுவதால், வினையின் வேலையைப் 'பண்ணு' ஏற்றுக்கொள்ள, 'புக்', 'பார்க்' இரண்டும் பெயர்களாகவே பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகின்றன. 'அடி விழுந்தது' என்பதில் வரும் 'அடி' முதனிலைத் தொழிற்பெயர் (விகுதி ஏற்காமல் வினைப்பகுதியே பெயராக நிற்பது) என்று தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு, ஒரே வடிவம் பெயராகவும் வினையாகவும் வருவதை அதைக்கொண்டே விளக்கலாம். ஆங்கில வகுப்பில் அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

'லி' என்று முடிந்தால் வினையடை என்ற குறுக்குவழியும் கைவிடத்தக்கது. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் பெயரடைகள். 'ரன் ஃபாஸ்ட்' என்பதில் 'ஃபாஸ்ட்' அந்த ஈறு இல்லாமலே வினையடையாகிறது. இதைவிட, 'கேன்', 'வில்' ஆகியவற்றை அடுத்து நேராக வருவது பெரும்பாலும் வினை என்றும், 'த' என்ற சொல்லுக்குப் பின் அந்தத் தொடரின் தலைமைச் சொல்லாக நிற்பது பெயர் என்றும் சோதித்துப் பார்க்கப் பழக்குவது பயன் தரும். சில சொற்களில் உச்சரிப்பும் உதவும்: 'ரெகோர்ட்' பெயராக வருகையில் முதல் அசையிலும், வினையாக வருகையில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது.

ஆகவே, இத்தாள்களைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தில் வைத்தே கேட்கவும், பல வகையாக வரும் சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கியங்களைத் தரவும், தனிச்சொல்லாகவே கேட்பதாயின் பொருந்தும் விடைகள் அனைத்துக்கும் புள்ளி வழங்கவும் வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.